துபாயா பேசினார், மாவோரிகளுக்குப் புரிந்தது



1769 அக்டோபர். கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் நியூசிலாந்துக் கரையைத் தொட்டது. எதிரே அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள் ஆயுதங்களோடு நிற்கிறார்கள். டஹிட்டியில் கப்பலேறி வந்த துபாயா என்பவர் முன்னே போய்த் தன் தாய்மொழியில் பேசினார். அவர் ஒரு பூசாரி, தேர்ந்த மாலுமியும்கூட. அவர் பேச்சு மாவோரிகளுக்கு நன்றாகவே விளங்கியது! இரு நிலங்களுக்கும் நடுவே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடல். (விளங்கியும் அன்று ஆங்கிலேயரின் துப்பாக்கி ஓயவில்லை என்பது வேறு கதை.)

துபாயாவின் மொழி, மாவோரி மொழி இரண்டுமே ஆஸ்ட்ரோனேசிய மொழிகள். மலாய், ஜாவா, ஹவாய் மொழிகள் எல்லாம் இந்தக் குடும்பம்தான். மொத்தம் சுமார் 1,200 மொழிகள். தாய்வீடு தைவான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இம்மொழிகளைப் பேசியவர்கள் அங்கிருந்து பிலிப்பைன்ஸுக்கு இறங்கி, பக்கவாட்டில் மிதவைக் கட்டை பிணைத்த பாய்மரப் படகுகளில் தீவு தீவாகப் பரவினார்கள். திசைகாட்டி கிடையாது, விண்மீனும் அலையின் போக்கும் பறவைகளுமே வழிகாட்டின. 'கண்டுபிடித்தவர்' என்ற பட்டத்தைக் குக்குக்குத் தருவதைவிட இவர்களுக்குத் தருவதே நியாயம்.

கிழக்கே ஈஸ்டர் தீவுவரை போனவர்கள், மேற்கே மடகாஸ்கருக்கும் போனார்கள். ஆப்பிரிக்கக் கரை அங்கிருந்து 400 கிலோமீட்டர்தான். ஆனால் அத்தீவின் மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய உறவு, இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் போர்னியோவில் பேசப்படும் மான்யான்!