ஊசியும் இசைத்தட்டும்



அண்மையில் நண்பர் ஒருவர் தம் தந்தையார் விட்டுச்சென்ற இசைத்தட்டுகளைப் பெட்டியோடு கொண்டுவந்து காட்டினார். மேலே நாதஸ்வரமும் நாடகப் பாட்டும் அடங்கிய பழைய அரக்குத் தட்டுகள். அடியிலே நெடுநேரம் ஓடும் வினைல் தட்டுகள் சில. இவற்றைக் கேட்பதற்கென அவர் புதிதாக வாங்கிய கருவி கைப்பெட்டி வடிவில் அமைந்தது. ஒலிபெருக்கியும் அதனுள்ளேயே இருந்தது. விலையும் மலிவு. சில மாதங்கள் கேட்டபின், உச்சத்தில் எழும் குரல் கரகரக்கிறதே, ஏன் என்று வினவினார்.

விடை ஊசியில் இருந்தது. தட்டின் பள்ளச் சுவர்களில் பதிந்துள்ள நுண்ணிய நெளிவுகளே நாம் கேட்கும் இசை. ஊசியின் பாரம் மிகுமாயின் அந்நெளிவுகள் தேயும். இத்தகைய பெட்டிகளிற் பல 5, 6 கிராம் வரை அழுத்துகின்றன. குறைப்பதற்கு வழியும் இல்லை. காந்தத்தால் இயங்கும் நல்ல காட்றிட்ஜ் ஒன்றுக்கு 2 கிராமே போதும். தேய்ந்த ஊசியை மாற்றலாம். தேய்ந்த தட்டை என் செய்வது?

ஆகவே, கையிலுள்ள பணம் சிறிதாயின், முதலில் ஊசிக் கையைப் பாருங்கள். அதன் பின்முனையில் திருகி நகர்த்தத்தக்க எதிர்நிறை உண்டா? ஊசியைக் கழற்றி மாற்றலாமா? அதே ஊசி கடைகளிற் கிடைக்கிறதா? மரப்பூச்சும் மின்விளக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எளிய கருவிகள் சிலவற்றில் பாரம் ஆலையிலேயே அமைக்கப்பட்டிருக்கும். அது 3 கிராம் அளவாயின் அவற்றையும் ஒதுக்கவேண்டியதில்லை.

இன்னொன்று. தட்டிலே பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். கேட்கும்போது அதனை நேர்செய்ய ‘போனோ’ முன்பெருக்கி வேண்டும். அது கருவியினுள்ளேயே இருந்தால் ஒரு செலவு மிச்சம். இல்லாமற்போனால் ஒலி மெலிந்து, மிருதங்கத்தின் தொப்பி கேளாது.

பாவித்த கருவியை வாங்குவோர் அதன் பின்புறத்தை வாசித்தல் அவசியம். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று, செக்கனுக்கு 50 சுழற்சி. ஜப்பானில் 100 வோல்ற்று. அங்கும் ஒசாக்கா முதலிய மேற்குப் பகுதிகளிலும், அமெரிக்காவிலும் 60 சுழற்சி. வோல்ற்றளவை ஒரு டிரான்ஸ்போமர் மாற்றித் தரும். சுழற்சியை அது மாற்றாது. மின்சாரத்தின் சுழற்சிக்கேற்ப ஓடும் மோட்டாராயின், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலவேண்டிய தட்டு ஏறத்தாழ 28 முறையே சுழலும். பாடகரின் சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும்! இறப்பர்ப் பட்டி இற்றுப்போயிருந்தால் மட்டும் கவலை வேண்டாம். அது மலிவாகக் கிடைக்கும்.

“என் பெட்டியில் 78 சுற்றும் இருந்ததே” என்றார் நண்பர். சுற்று இருந்தது, ஊசி இல்லை. 1948இல் வெளிவந்த நெடுநேரத் தட்டின் பள்ளம் நுண்மையானது. அதற்குரிய ஊசிமுனையின் ஆரை அங்குலத்தின் ஆயிரத்தில் 0.7 பங்கு. இந்தியாவில் 1960களிலும் அச்சாகிவந்த அரக்குத் தட்டுக்கோ ஏறத்தாழ 3 பங்கு வேண்டும். சிறிய ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலையே எடுக்கும். ஓடியோ டெக்னிக்காவின் வி.எம்.95 போன்ற காட்றிட்ஜில் இரண்டு ஊசிகளையும் மாறிமாறிப் பொருத்தலாம். பாரம் கூடாது என்றேனே. அரக்குத் தட்டுக்கான அவ்வூசிக்கு மாத்திரம் 5 கிராம் வேண்டும்! பள்ளம் அகன்றது, முனையும் பருத்தது. ஆகவே பாரம் பரவி நிற்கிறது. பின்னர் வினைலுக்கு மாறும்போது எதிர்நிறையைத் திருப்ப மறந்துவிடலாகாது.

கைச்சாவி கொடுக்கும் பழைய கிராமபோன் வீட்டில் இருந்தால், அதில் வினைல் தட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் உருக்கு ஊசி தட்டை உழுதுவிடும். அரக்குத் தட்டை மதுசாரத்தால் துடைப்பதும் ஆகாது. அரக்கு அதிற் கரையும்.

நண்பர் இப்பொழுது எதிர்நிறையும் 78 சுற்றும் உள்ள கருவி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். தட்டுகள் அதுவரை உறைகளுள் நிமிர்ந்தபடி அலுமாரியில் இருக்கின்றன.