கண்டியில் பிறந்த படகுக்காரர்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



தேயிலைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்த ஒருவரைப் பற்றி இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். உடனே லயத்துப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள், துரை வீட்டுப் பிள்ளை. பெயர் அகஸ்டஸ் ஏகார். 1890-இல் இலங்கையில், கண்டியில் பிறந்தார். அந்த வீட்டில் பதின்மூன்றாவது குழந்தை. பிறந்த சிறிது காலத்திலேயே தாயை இழந்தார். 1902-இல் தகப்பனாரையும் காலரா கொண்டுபோயிற்று. பன்னிரண்டு வயதில் அநாதை. அந்நாளில் கண்டிச் சீமையில் கொழுந்து பறித்தவர்கள் நம்மவர்கள்தாம். அவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? அது வேறு கதை.

வீடென்று சொல்ல இடமில்லாத பையன் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தான். 1919-இல் அவர் கைக்கு வந்தது ஒரு சின்ன மரப்படகு. நீளம் நாற்பதே அடி, ஆள் மூன்று பேர், டார்பிடோ ஒன்றே ஒன்று. பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். டார்பிடோவை முன்பக்கமாகச் சுட அந்தப் படகில் வழியில்லை. பின்பக்கத் தொட்டியிலிருந்து வால் முதலில் விழும்படி கடலில் தள்ளுவார்கள். ஆனால் அதன் தலை படகு போகும் திசையையே பார்த்திருக்கும். அதாவது, விட்ட குண்டு நம்மையே துரத்தி வரும்! படகைச் சட்டென்று ஒடித்துத் திருப்பி வழிவிட வேண்டும். தாமதித்தால் கதை முடிந்தது.

பின்லாந்து கடற்கரையில் ஒளிந்திருந்து, ரஷ்யாவுக்குள் ஒற்றர்களைக் கொண்டுபோய் விடுவதுதான் அவருக்கு இட்ட வேலை. சிவப்புப் படைக் கப்பல்கள் ஒரு கோட்டையைச் சுடுவதைப் பார்த்தவர், மேலிடம் தெளிவாக அனுமதி தராதபோதே தாமாக முடிவெடுத்தார். ஜூன் 17-ஆம் தேதி, காவற்கப்பல்களுக்கு நடுவே புகுந்தார். படகில் கோளாறு. சரிசெய்ய இருபது நிமிடம். எதிரி கண்ணுக்கெட்டும் தூரத்தில். அப்படியும் திரும்பி ஓடவில்லை. 'ஒலெக்' என்ற பெரிய போர்க்கப்பல் மூழ்கியது. விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஆனால் வேலை ரகசியமானதால் எதற்கென்று விவரம் சொல்லவில்லை. முறைப்படி போர் அறிவிக்காத நாட்டின் கப்பலை மூழ்கடித்தது சரியா என்று கேட்டால், எனக்கும் அது நெருடலாகத்தான் இருக்கிறது.

பிறகு 1942. நம் வீட்டுப் பெரியவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்பார்களே, அந்த வருஷம். சிங்கப்பூர் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஏகார் இப்போது 'டார்செட்ஷயர்' என்ற பெருங்கப்பலுக்குத் தலைவர். பிறந்த இலங்கைக்குத் தென்மேற்கே, ஜப்பானிய விமானங்கள் பத்து நிமிடத்துக்குள் அதை மூழ்கடித்தன. கூட வந்த 'கார்ன்வால்' கப்பலும் போயிற்று. டார்செட்ஷயரில் மட்டும் 234 பேர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் கடும் வெயிலிலும் இரவிலும் கடலிலேயே கிடந்தார்கள். காயம்பட்டவர்கள் படகில், மற்றவர்கள் தண்ணீரில். மறுநாள் மாலை உதவிக் கப்பல்கள் வந்து, இரண்டு கப்பலிலுமாக 1,100 பேருக்கு மேல் தூக்கிக் காப்பாற்றின. ஏகாரும் அவர்களில் ஒருவர். அதன்பின் கடலில் கப்பல் நடத்தும் உடம்பு அவருக்கு வாய்க்கவில்லை.

ஓய்வுபெற்று, இங்கிலாந்தில் ஸ்ட்ராபெரி பயிரிட்டார். தோட்டக்காரர் மகன் கடைசியில் மண்ணுக்கே வந்து சேர்ந்தார் பாருங்கள். 1968-இல் காலமானார். அந்த நாற்பதடிப் படகை மட்டும் இங்கிலாந்தில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.