கதிர்வீச்சு நோயாளியும் ஆஸ்பத்திரியும்

அணுகுண்டு விழுந்தால்தானே கதிர்வீச்சு, நமக்கென்ன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். குண்டு விழாமலே, பழைய இரும்புக் கடை வழியாகவும் அது வரும். பிரேஸில் நாட்டுக் கொயானியா நகரில் 1987-ம் ஆண்டு அப்படித்தான் வந்தது.

அங்கே தனியார் சிகிச்சை நிலையம் ஒன்று இடம் மாறியது. ஸீஸியம்-137 அடங்கிய யந்திரத்தைப் பாழடைந்த கட்டிடத்திலேயே விட்டுப் போனார்கள். செப்டம்பர் மாதம் இரண்டு ஏழைகள் அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளிருந்த பொடி இருட்டில் நீலமாக ஒளிவிட்டது. அதிசயமென்று உற்றார் உறவினருக்குப் பங்கிட்டார்கள்.

வாந்தி, பேதி, தோலில் புண் என்று ஒவ்வொருவராகப் படுத்தார்கள். வெப்ப நாட்டு நோயாக இருக்கும் என்று டாக்டர்கள் சந்தேகித்தார்கள். உண்மையைக் கண்டவர் கடைக்காரரின் மனைவி. அந்தச் சாமான்தான் காரணம் என்று அதைப் பையில் போட்டு, பஸ்ஸில் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டு போனார். அதற்குள் இரண்டு வாரம் கடந்துவிட்டது. பின்னர் சுமார் 1,12,000 பேரைச் சோதித்ததில் 249 பேரிடம் கதிரியக்கப் பொருள் காணப்பட்டது. நால்வர் மாண்டனர்: அந்த அம்மையார், ஆறு வயதுச் சிறுமி, கடையில் உழைத்த இரு வாலிபர்கள். அச்சிறுமியின் சவ அடக்கத்தின்போது பயந்த ஜனங்கள் கல்லெறிந்தார்கள்!

நம் நாட்டிலும் நடந்தது. 2010-ல் டில்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியிலிருந்த கோபால்ட்-60 ஒரு தொழிலாளியின் உயிரைக் குடித்தது.

ஆஸ்பத்திரி என்ன செய்ய வேண்டும்? முதலில் உயிரைக் காக்க வேண்டும். ரத்தம் கொட்டுகிறவனை, கதிர்வீச்சை அளந்த பிறகுதான் தொடுவோம் என்று காக்க வைக்கக் கூடாது. அடுத்து, உடைகளைக் களைந்து பையில் கட்டி ஒதுக்க வேண்டும். ஒட்டிய தூசியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். பிறகு இளஞ்சூட்டு நீரும் சோப்பும் கொண்டு, தோல் உரியாமல் கழுவ வேண்டும்.

நோயாளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வெயிலில் நின்றவன் வெயிலை வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. புழுதியில் புரண்டவன்தான் புழுதியைக் கொண்டு வருவான். கதிர் மட்டும் பட்டவனிடமிருந்து பிறருக்கு ஆபத்தில்லை. தூசி ஒட்டியவனிடம் கையுறை, முகமூடி, அங்கியுடன் வேலை செய்யலாம்.

வாந்தி எப்போது தொடங்கியது என்று குறிக்க வேண்டும். ரத்தத்தின் வெள்ளணுக்களைத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும். பட்ட அளவை அவைதான் சொல்லும். உடலுக்குள் போன ஸீஸியத்தை வெளியேற்றப் பிரஷ்யன் நீலம் என்ற மருந்து உண்டு. கொயானியாவில் 46 பேருக்குக் கொடுத்தார்கள். அயோடின் மாத்திரை கதிரியக்க அயோடினுக்கு மட்டுமே, ஸீஸியத்துக்கு உதவாது.

இவையெல்லாம் ஆபத்து வந்த அன்று தேடுகிற பொருள்களல்ல. அளவுக்கருவி, தனி வாசல், கழுவுமிடம், பழகிய நர்சுகள், துப்புரவுத் தொழிலாளருக்கும் பாதுகாப்பு உடை இவை முன்கூட்டியே வேண்டும் என்று கோருவோம். உன் வேலை என்ன, எதைத் தொட்டாய் என்று ஒவ்வொரு தொழிலாளியையும் டாக்டர் கேட்க வேண்டும் என்றும் கோருவோம்.

கேட்காவிட்டால் நாமே சொல்லுவோம். மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சு முத்திரை பொறித்த சாமானைக் கண்டால் தொடாமல் விலகி, அதிகாரிகளுக்குத் தகவல் கொடுப்போம். அந்த அம்மையார் உயிரைக் கொடுத்துக் கற்பித்த பாடம் இதுவே, தோழர்களே!