உப்பிலிருந்து பிறந்த நஞ்சு

தமிழர் பலர் வாழும் பெங்களூர் மர்பி டவுனில், குழாயில் வரும் காவிரி நீரில் குளோரின் மணப்பதுண்டு. உப்பிலிருந்து பிரித்தெடுக்கப்படும் அவ்வாயு, கிருமிகளைக் கொன்றபின் திறந்த குடத்திலிருந்து விரைவில் அகன்றுவிடும். ஆனால், கரியோடு பிணைந்த குளோரின் எளிதில் அகலுவதில்லை. டி.டி.டி. அத்தகையது. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லர் 1948-இல் நோபல் பரிசு பெற்றார். பின்னரோ, அது உடற்கொழுப்பில் தங்கித் தாய்ப்பாலிலும் கலப்பது தெரியவந்தது. இந்தியா 1989-இல் வேளாண்மையில் அதற்குத் தடை விதித்தது. காசரகோட்டு முந்திரித் தோட்டங்களில் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை 2011-இல் உச்சநீதிமன்றம் தடுத்தது. ஆயினும், செம்பெடுப்பதற்காகத் தெருவோரத்தில் பி.வி.சி. மின்கம்பியைக் கொளுத்துகையில், டையாக்சின் என்னும் கொடிய குளோரின் நஞ்சு எழுகிறது. அதுவும் நம் மக்களின் உடலிலேயே தங்கும். ஆகவே, பழைய கம்பியை எரியாமல் உறையை உரித்தெடுப்போரிடம் ஒப்படையுங்கள்.