அரைக்கும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



விடியற்காலையில் எழுந்து சமையல் முடிச்சு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிட்டு, பஸ் பிடிச்சு வந்திருக்கீங்க. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம். இன்று பேசப்போவது சேமிப்பு பற்றியோ கடன் பற்றியோ அல்ல. நாம் தயார் செய்யும் பொருள் எந்தக் கடைக்கு, எப்போது, எவ்வளவு போக வேண்டும் என்பது பற்றி.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன்பு பஸ் ஸ்டாண்டு கடையின் விற்பனை நோட்டைப் பார்த்தோம். இரண்டு வாரம் சாம்பார் பொடி விற்பனை 'இல்லை' என்று இருந்தது. அங்கே பொடிக்குக் கிராக்கி இல்லை என்று நாங்களாகவே முடிவு செய்து, அங்கு போக வேண்டிய பெட்டிகளைச் சந்தைக் கடைக்கு அனுப்பிவிட்டோம். பிறகு பஸ் ஸ்டாண்டு கடைச் சகோதரி சொன்னார்: "கடையில பாக்கெட்டே இல்லீங்க. எதை வித்து எழுதறது?" கேட்டு வந்தவர்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். சந்தைக் கடையிலோ அளவுக்கு மீறிப் போன பெட்டிகள் தேங்கி, தேதி முடிந்து திரும்பி வந்தன. அந்த மாதம் அரவைக் குழுவினர் வங்கித் தவணையைத் தங்கள் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். உழைப்பில் குறையில்லை, பொடியின் தரத்திலும் குறையில்லை. கணக்கு தப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். பெரிய கம்பெனிகளில் இதற்கு 'விநியோகத் தேவைத் திட்டமிடல்' என்று பெயர். 1983-ல் ஆண்ட்ரே மார்ட்டின் என்பவர் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். ஆறு கேள்விகளுக்குச் சரியான பதில் வேண்டும்.

1. ஒவ்வொரு கடையிலும் வாரத்துக்கு எவ்வளவு போகும்?

எல்லாக் கடைக்கும் சேர்த்து ஒரே கணக்கு சொல்லக் கூடாது. கடை வாரியாக, வாரம் வாரியாக வேண்டும். போன வாரங்களின் விற்பனையைப் பாருங்கள். திருவிழா, கல்யாண மாதம், முன்கூட்டி வந்த ஆர்டர் இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்களையும் எழுதி வையுங்கள். நாங்கள் தவறியது இந்த இடத்தில்தான்.

2. கையில் எவ்வளவு இருக்கு?

நோட்டில் இருப்பதை அல்ல, அலமாரியில் எண்ணிப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கடனாகக் கொடுத்தது, வீட்டுக்கு எடுத்துப்போனது, மாதிரிக்குக் கொடுத்தது எல்லாம் எழுதாமல் விட்டால் நோட்டில் 70 இருக்கும், அலமாரியில் 55 தான் இருக்கும். தேதி முடிந்த பாக்கெட்டை இருப்பில் சேர்க்கவே கூடாது.

3. வழியில் எவ்வளவு வந்துக்கிட்டு இருக்கு?

பஸ்ஸில் போட்டுவிட்ட பெட்டி, இன்னும் கடைக்குப் போய்ச் சேராத பெட்டி, இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மறந்துவிட்டால் அதே சரக்கை இரண்டு தடவை அனுப்பிவிடுவோம்.

4. எந்த அளவுக்குக் கீழே குறையக் கூடாது?

பானையில் அரிசி சுத்தமாகத் தீர்ந்த பிறகா கடைக்குப் போகிறோம்? நாலு படி இருக்கும்போதே வாங்கி வைக்கிறோம் இல்லீங்களா? அதே மாதிரி ஒவ்வொரு கடைக்கும் ஒரு காப்பு இருப்பு வேண்டும். ஒரு நாள் பஸ் வரலைன்னாலும் கடை சமாளிக்கும். அதற்காக மலையாகக் குவிக்கவும் கூடாது. அலமாரியில் தூங்கும் ஒவ்வொரு பாக்கெட்டும் நாம் வட்டி கட்டும் பணம்.

5. போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?

கிடங்கிலிருந்து கடைக்குப் போகும் நாள் வேறு. மல்லி, மிளகாய் வாங்கி, காய வைத்து, அரைத்து, பாக்கெட் போடும் நாள் வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

6. ஒரு தடவைக்கு எவ்வளவு அனுப்புவோம்?

ஏழு பாக்கெட்டுக்காக ஒருவர் பஸ் செலவு பண்ண முடியாது. பெட்டிக்கு 50 என்றால் 50, 100 என்றுதான் போகும்.

இப்போது கரும்பலகையில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பேச்சுக்காக வைத்துக்கொண்ட எண்கள்தான். 200 கிராம் சாம்பார் பொடி. இரண்டு கடை, ஒரு கிடங்கு. பெட்டிக்கு 50 பாக்கெட். கடைக்குப் போய்ச் சேர ஒரு வாரம். அரைத்து முடிக்க ஒரு வாரம்.

பஸ் ஸ்டாண்டு கடை: வாரம் 40 விற்கும். இருப்பு 70. காப்பு இருப்பு 20.
சந்தைக் கடை: வாரம் 25 விற்கும். இருப்பு 30. வழியில் 50, இந்த வாரம் போய்ச் சேரும். காப்பு இருப்பு 10.
கிடங்கு: இருப்பு 60.

எல்லாவற்றையும் கூட்டினால் 210 பாக்கெட். வாரம் விற்பது 65 தான். மூணு வாரத்துக்குக் கவலையில்லை, அடுத்த அரவையை மூணாவது வாரம் பாத்துக்கலாம்னுதானே தோணுது? கூட்டத்தில் பலரும் அதைத்தான் சொன்னீங்க. இப்போ கடை கடையாகப் பார்ப்போம்.

பஸ் ஸ்டாண்டு கடையில் 1-ம் வாரக் கடைசியில் 30 மிஞ்சும். 2-ம் வாரம் 40 வேண்டும், ஆக முன்கூட்டியே ஒரு பெட்டி தேவை. அது வந்தால் 2-ம் வாரக் கடைசியில் 40 இருக்கும். 3-ம் வாரம் அதுவும் தீரும், இன்னொரு பெட்டி தேவை. 4-ம் வாரத்துக்கு மேலும் ஒன்று. போய்ச் சேர ஒரு வாரம் ஆவதால் 1, 2, 3 ஆகிய மூன்று வாரமும் கிடங்கிலிருந்து ஒவ்வொரு பெட்டி கிளம்ப வேண்டும்.

சந்தைக் கடையில் வழியில் வரும் 50-ஐச் சேர்த்து 1-ம் வாரக் கடைசியில் 55, அடுத்த வாரம் 30, அதற்கடுத்து 5. காப்பு இருப்பு 10-க்குக் கீழே போய்விட்டது. எனவே 2-ம் வாரம் அங்கே ஒரு பெட்டி கிளம்ப வேண்டும்.

இப்போ கிடங்கைப் பாருங்க. 1-ம் வாரம் 50 போக, மிச்சம் 10. 2-ம் வாரம் இரண்டு கடைக்கும் சேர்த்து 100 வேண்டும். 90 பாக்கெட் குறைகிறது. 90 பாக்கெட் என்றால் 18 கிலோ பொடி. அந்த அரவையை இந்த வாரமே, அதாவது 1-ம் வாரமே தொடங்க வேண்டும். அடுத்த வாரம் மேலும் 10 கிலோ.

மூணாவது வாரம் பாத்துக்கலாம்னு இருந்தா? 3-ம் வாரம் அரைத்து, 4-ம் வாரம் அனுப்பி, 5-ம் வாரம்தான் கடைக்குப் போகும். 4-ம் வாரத்தில் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு பாக்கெட் இருக்காது, சந்தைக் கடையில் அஞ்சுதான் இருக்கும். இந்த ஒரு கணக்கில்தான் ஒரு குழுவின் தவணைப் பணம் இருக்கிறது, சகோதரிகளே.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆறு பதிலில் ஒன்று தப்பானாலும் மொத்தமும் தப்பாகிவிடும். பஸ் ஸ்டாண்டு கடையின் 70 உண்மையில் 55 என்றால், முதல் வாரக் கடைசியிலேயே காப்பு இருப்பு கரைந்து 15-க்கு வந்துவிடும். அடுத்த வாரம் பெட்டி வரத் தாமதமானால் தட்டுப்பாடுதான். அதனால் இந்தத் திட்டம் கூட்டமைப்பு அலுவலகத்தில் தொடங்குவதில்லை. கடையில் உட்கார்ந்து எண்ணும் சகோதரியின் கையில்தான் தொடங்குகிறது. அவர் எழுதுவதை நாம் மதிக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அவரைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த வாரம் நமக்குப் பிடித்த எண்ணைத்தான் எழுதுவார்.

இந்த மாதத்திலிருந்து மூன்று வேலை செய்வோம்.

சனிக்கிழமை மாலை ஒவ்வொரு கடையிலும் அலமாரியை எண்ணி, விற்றது, இருப்பது, இல்லை என்று திரும்பியவர்கள் ஆகிய மூன்று எண்களைக் கிடங்குக்குப் போனில் சொல்ல வேண்டும். அனுப்பும் பெட்டியைக் கிடங்கு நோட்டில் தேதியோடு எழுதி, போய்ச் சேர்ந்ததும் கடைச் சகோதரியைக் கேட்டு 'டிக்' போட வேண்டும். திங்கட்கிழமை ஊக்குநரும் பிரதிநிதியும் அரவைக் குழுவோடு உட்கார்ந்து, அடுத்த நாலு வாரக் கணக்கைப் போட்ட பிறகுதான் மல்லி, மிளகாய் வாங்கப் போக வேண்டும்.

முதல் மாதம் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பரவாயில்லை. எங்கே தவறியது என்று பார்த்துத் திருத்திக்கொள்வோம். நாங்களும் கூடவே உட்காருகிறோம். இன்னொரு தடவை எங்கள் அவசர முடிவால் உங்கள் சேமிப்பு கரையக் கூடாது.

எண்ணுவோம், எழுதுவோம், பிறகு அரைப்போம்.