பெருங்கொள்ளளவும் பேணும் முறையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இசையும் நாடகமும் விருந்தாக அமைந்த இவ்விழாவில், மடிக்கணினிக்குரிய சேமிப்புத் தட்டைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றனர். அறுசுவை உண்டியின் நடுவே கஷாயம் வைத்தது போல் இது தோன்றலாம். ஆயினும் நம் இல்லத் திருமணப் படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ்களும், ஊரிலிருக்கும் பாட்டியின் குரலும் இன்று அச்சிறு தட்டினுள்ளேதான் குடியிருக்கின்றன. ஆதலின் இது நம் வீட்டுப் பொருளே.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பு இயந்திரத்தில், இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. எடையோ ஏறத்தாழ ஒரு டன். கொண்டதோ 50 இலட்சம் எழுத்துகளே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே அவ்விடத்தை நிரப்பிவிடக்கூடும். காலம் அத்துணை மாறிவிட்டது.

இன்று கடையில் கிடைப்பவை இருவகை. சுழலும் தட்டுடைய ஹார்டு டிஸ்க் ஒன்று. அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. மற்றொன்று. மடிக்கணினியின் உள்ளே பொருத்துவதற்கு எஸ்.எஸ்.டி.யே ஏற்றது. ஹார்பர் வண்டியின் நெரிசலில் தோளில் தொங்கும் பைக்குள் எத்தனை இடிகள்! சுழலும் தட்டு அவற்றைப் பொறுப்பதில்லை. வேகத்திலும், பழைய தட்டு நொடிக்கு நூறு மெகாபைட் அளவில் படித்தால், சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 550 படிக்கும், என்.வி.எம்.இ. வகையோ ஆயிரக்கணக்கில் படிக்கும்.

வாங்குமுன் மூன்று செய்திகளை நோக்குக. முதலாவது, பொருத்தம். 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடைய எம்.2 என்னும் சிறு பலகையே இன்று பெருவழக்கு. ஒரே வடிவில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு, நம் கணினி எதை ஏற்கும் என்பதைக் கையேட்டில் பார்த்தறிக. சில கணினிகளில் தட்டு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற இயலாது. பெருங்கொள்ளளவுடைய இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க்குகள் பல 15 மில்லிமீட்டர் தடிப்புடையவை. அவை மடிக்கணினிக்குள் நுழையா.

இரண்டாவது, அளவு. ஒரு டெராபைட் வாங்கினோம், கணினியோ 931 என்று காட்டுகின்றது. கடைக்காரர் ஏமாற்றினாரோ என்று ஐயுற வேண்டா. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றார். கணினி 1024 ஆக எண்ணுகின்றது. அவ்வளவே வேறுபாடு. நான்கு மெகாபைட் அளவுள்ள படங்களாயின் ஒரு டெராபைட்டில் இரண்டரை இலட்சம் அடங்கும். மிகுதியாக வீடியோ எடுப்போர்க்கன்றி, பெரும்பாலான குடும்பங்களுக்கு அது போதும்.

மூன்றாவது, போலி. சில நூறு ரூபாய்க்குப் பதினாறு டெராபைட் என்று விற்கப்படுவன பொய்ச் சரக்குகள். சிறு நினைவகத்தைப் பெரியதென்று கணினியிடம் பொய் சொல்லவைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்ததும், புதிதாக எழுதுவது பாழாகும், அல்லது பழையதை அழிக்கும். ஆதலின், திருப்பிக் கொடுக்கும் தவணைக்குள் தட்டு முழுவதும் எழுதி, மீண்டும் படித்துச் சோதித்துக்கொள்க.

அன்பர்களே, இவ்வளவும் வாங்கும் முறை. இதனினும் பெரிது பேணும் முறை. எவ்வளவு விலையுயர்ந்த தட்டாயினும் ஒருநாள் பழுதுபடும். ஹார்டு டிஸ்க் சிலவேளை ஓசையெழுப்பி எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி.யோ முன்னறிவிப்பின்றி நின்றுவிடுவதுண்டு. படங்களை வெளித்தட்டில் ஏற்றிவிட்டுக் கணினியில் அழித்துவிடுவோர் பலர். அது வீடு மாற்றுவதேயன்றிப் பிரதியெடுப்பதன்று.

1887-இல் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்கள். ஓர் ஏட்டில் சிதைந்த இடத்தை மற்றோர் ஊரில் கிடைத்த ஏடு நிரப்பியது. நம் முன்னோர் ஒரே பெரிய பேழையில் ஒரே ஏட்டை வைத்துப் பூட்டியிருந்தால் நமக்குச் சிந்தாமணி ஏது? பிரதிகள் பலவாக, பல ஊர்களில் இருந்தமையே அதனைக் காத்தது.

நமக்கும் ஒரு பாடம் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்தது. நம் அண்டையிலுள்ள குர்லாவின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. வெள்ளம் புகுந்த வீட்டில் மேசைமேல் ஒரு பிரதி, அலமாரியில் ஒரு பிரதி இருந்தென்ன பயன்? இரண்டும் சேர்ந்தே நனையும்.

ஆகவே கையிலுள்ள தொகை முழுவதையும் ஒரு பெரிய தட்டில் கொட்டாதீர்கள். இரண்டு டெராபைட் ஒன்று வாங்குவதினும், ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றைக் கணினிக்குள் பொருத்தி, வெளியில் வைக்க ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குவது நன்று. விலை சற்றுக் கூடினும் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றொன்றைக் கடவுச்சொல்லால் பூட்டி, கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அண்ணன் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வைத்து வாருங்கள். இருப்பிடம் இரண்டு உடையோம் என்பது புலம்பெயர்ந்தோராகிய நமக்குக் குறையாகத் தோன்றுவதுண்டு. இவ்வொன்றிலேனும் அது நமக்குப் பேறாகும்.

எஸ்.எஸ்.டி.யை மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் கிடத்தினால் எழுதியது மங்கக்கூடும். நெடுநாள் வைப்புக்கு அதனை மட்டும் நம்பற்க. ஹார்டு டிஸ்க்கும் கிடந்தே பழுதாகலாம். சரஸ்வதி பூஜைக்கு வைத்த ஏடுகளை விஜயதசமியன்று எடுத்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்றே இத்தட்டையும் இணைத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்து, அவ்வாண்டின் புதியவற்றையும் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகளிடமே அப்பணியை ஒப்படையுங்கள். பாட்டியின் முகத்தை அவர்களும் ஒருமுறை காண்பர்.