பேரப்பிள்ளைகள் மூவர், கடவுச்சீட்டுகள் ஐந்து

(நூற்றாண்டு விழா வாரத்தில் நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி நினைவுகளைப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் இரண்டு நாளாக விடுதி முற்றத்தில் என்னைக் கண்டவர்கள் எல்லோரும் கேட்டது பிள்ளைகளின் கடவுச்சீட்டைப் பற்றி. நான் நொத்தாரிசு என்றபடியால் கேட்கிறார்கள். ஆகவே அதையே கதைக்கிறேன். என் வீட்டுக் கதையைச் சொன்னால் சட்டமும் சேர்ந்து விளங்கும்.

என் மகளும் இந்தக் கல்லூரிப் பிள்ளைதான். கலியாணம் செய்து கனடாவுக்குப் போனாள். மருமகன் கலியாணத்துக்கு முன்பே கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டார். மூத்த பேத்தி 2009இல் பிறந்தபோது மகள் அங்கே நிரந்தர வதிவிட உரிமையோடு மட்டும் இருந்தாள். இலங்கைப் பிரசையாகவே இருந்தாள். பிள்ளை கனடா மண்ணில் பிறந்ததால் கனடாப் பிரசை. தாய் இலங்கைப் பிரசை என்பதால் வம்சாவளியாக இலங்கைப் பிரசாவுரிமைக்கும் உரியவள்.

தாய் வழியாக என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், வெளிநாட்டில் முறையான மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் பிரசாவுரிமையை மட்டுமே பார்த்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் வந்த பிறகுதான் தாயும் கணக்கில் வந்தாள். 55 வருடம்! இந்த மண்டபத்தில் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் அந்த 55 வருடத்துக்குள் பிறந்தவர்கள்.

உரிமை இருந்தால் போதாது, பதிய வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதியச் சொல்கிறது சட்டம். பிந்தினால், போதிய காரணம் காட்டி அமைச்சரிடம் கால நீடிப்புப் பெறலாம். ஆனால் அந்த அலைச்சல் ஏன்? மகள் பதினோராவது மாதத்தில் ரொறன்ரோத் துணைத் தூதரகத்துக்கு ஓடினாள். அங்கே பிள்ளையின் பிறப்பைப் பதிவது ஒன்று, பிரசாவுரிமைச் சான்றிதழ் இன்னொன்று. முதலாவதைக் கையில் வாங்கியதும் அலுவல் முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். இரண்டாவது இல்லாமல் பிள்ளைக்கு எமது கடவுச்சீட்டு கிடைக்காது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். 2012இல் மகள் கனடாக் குடியுரிமைக்குச் சத்தியப் பிரமாணம் செய்தாள். படம் அனுப்பினாள், நானும் சந்தோசப்பட்டேன். வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பி எடுக்கும் நிமிடமே இலங்கைப் பிரசாவுரிமை அற்றுப்போகும். கடிதம் வராது, எவரும் அறிவிக்கமாட்டார்கள். பழைய கடவுச்சீட்டு அலுமாரிக்குள் கிடப்பதால் இன்னமும் பிரசை என்று நினைத்துக்கொண்டிருப்போம். இரட்டைப் பிரசாவுரிமை 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. 2011இல் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். பிரமாணத்தைக் கொஞ்சம் பிற்போடு என்று நான் சொல்லியிருக்கலாம். ஊராருக்கு உறுதி எழுதிய எனக்கு அது தோன்றவில்லை.

பேரன் 2013இல் பிறந்தான். அன்று தாயும் இலங்கைப் பிரசையல்ல, தகப்பனும் அல்ல. ஆகவே அவனும் அல்ல. 2015இல் இரட்டைப் பிரசாவுரிமை திரும்ப வந்தது. மகள் விண்ணப்பித்து அடுத்த வருடம் பெற்றாள். 2017இல் பிறந்த சின்னப் பேத்திக்கு மீண்டும் தாய் வழி திறந்தது. ஒரே தாய், ஒரே தகப்பன். மூத்தவளுக்கு உண்டு, நடுவிலானுக்கு இல்லை, கடைசிக்கு உண்டு. பிள்ளை பிறந்த அந்த ஒரு நாளில் பெற்றோரில் ஒருவராவது இலங்கைப் பிரசையா என்பதுதான் கேள்வி. உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தத் திகதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்.

இது வெறும் கடதாசி அலுவல் என்று நான் நினைத்திருந்தேன். 2018இல் என் கணவர் கடும் சுகயீனம் என்று கேட்டு எல்லோரும் வந்தார்கள். கட்டுநாயக்கவில் இரண்டு பேத்திமாரும் தாயோடு ஒரு வரிசை, பேரன் தகப்பனோடு வெளிநாட்டார் வரிசை. அவனுக்குக் கிடைத்தது 30 நாள் விசா. வந்து எட்டாம் நாள் அவர் போய்விட்டார். நெய்ப்பந்தம் பிடித்தவன் அந்தப் பேரன். அந்தியேட்டி 31ஆம் நாள். அதற்குள் விசா முடிந்துவிடும். துடக்கு வீட்டிலிருந்து தகப்பனும் மகனும் இரவு பஸ் ஏறிப் பத்தரமுல்லைக்குப் போய் நீடித்துக்கொண்டு வந்தார்கள். "அம்மம்மா, நான் மட்டும் ஏன் கேட்டுக் கேட்டு நிற்க வேணும்?" என்றான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான் சட்டப் பிரிவையா சொல்வது?

இரண்டு கடவுச்சீட்டுகள் உள்ள பிள்ளையோடு பயணம் செய்பவர்களுக்கு: இலங்கைக்குள் எதைக் காட்டி வந்தீர்களோ, அதைக் காட்டியே வெளியேறுங்கள். மாறிக் காட்டினால், இந்தப் பிள்ளை எப்போது உள்ளே வந்தது என்று அதிகாரி கேட்பார். அவர் கேட்பதில் பிழையில்லை. ஆனால் விமானக் கம்பனியின் கருமபீடத்தில் கனடாக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். 2016 நவம்பரிலிருந்து, இரட்டைக் குடியுரிமை உள்ள கனடியர் அது இல்லாமல் கனடாவுக்கு விமானம் ஏற முடியாது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எமது கடவுச்சீட்டு 3 வருடம், கனடாவினது கூடியது 5 வருடம். இரண்டும் ஒன்றாக முடியாது. ரிக்கற் போட முதல் இரண்டையும் திறந்து பாருங்கள். பிள்ளையின் கடவுச்சீட்டுக்கு இரண்டு பெற்றோரின் சம்மதமும் கேட்பார்கள். பிரிந்து வாழும் தாய்மார் பிள்ளையின் பொறுப்புப் பற்றிய நீதிமன்றக் கட்டளையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பெயர்தான் பெரிய தலையிடி. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்கும். கனடாவில் அது பின்னுக்குப் போகும். தாயின் பெயர் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, விவாகப் பதிவில் ஒரு மாதிரி. 'த'வுக்கு ஆங்கிலத்தில் 'எச்' போடுவதா இல்லையா என்று எங்கள் கல்லூரி இடாப்பே இரண்டு விதமாய்ச் சொல்லும். (முன்வரிசையில் ரீச்சர் சிரிக்கிறா.) பிள்ளை பிறக்க முதலே தாய் தகப்பன் பத்திரங்களைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிள்ளையின் பெயரை இரண்டு நாட்டிலும் ஒரே எழுத்தில் பதியுங்கள்.

இன்னொரு திகதி, 22ஆவது பிறந்தநாள். பிறப்பால் வேறு குடியுரிமையும் உள்ள வம்சாவளிப் பிரசை, அந்த வயதுக்கு முன் இரட்டைப் பிரசாவுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்காவிட்டால் இலங்கைப் பக்கம் போய்விடும். மூத்த பேத்திக்கு அது 2031. பஞ்சாங்க மட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு கரைச்சல் என்று சிலர் கேட்கிறார்கள். இரட்டைப் பிரசைகள் பாராளுமன்றம் போவதை 2022இல் 21ஆவது திருத்தம் மறுபடி தடுத்துவிட்டது. அந்த ஆசை உள்ளவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும். ஆனால் காணி இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரசைக்கு அந்தத் தடை இல்லை. நெருங்கிய உறவுக்கு வாரிசுரிமையாய் வருவதற்கும் விதிவிலக்கு உண்டு. என் மகளின் சீதன வீட்டில் நடுவிலானுக்கும் பங்கு போகும். அதற்கான மரண சாதனத்தை எழுதி முடித்துவிட்டோம். இந்த வீட்டுக்கு வர அவன் இன்னமும் விசா எடுக்கிறான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய நூலக அறையில் இருப்பேன். பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரமும், நீங்கள் வெளிநாட்டுப் பிரமாணம் செய்த திகதியும் கைவசம் உள்ளவர்கள் வாருங்கள். காசு வாங்கமாட்டேன். மூக்குக் கண்ணாடியை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள், எழுத்துக்கள் சின்னன்.